காப்பியக்காவின் பிரதிகள்

காப்பியக்காவுக்குக் காப்பி பிடிக்காது. டீயும் தொடமாட்டாள், வெந்நீர்தான். பல்செட் செய்யும் அந்த லேபில் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் பெயரைக் கேட்டுவிட்டு, நல்ல பெயர் வாங்கும் ஆசையில் முதல் நாளே அவள் மேசையில் ஒரு கப் காப்பியைக் கொண்டுபோய் வைப்பார்கள். அவள் கப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, "அந்தக் காப்பி இல்ல கண்ணு, இது வேற காப்பி. நகல்" என்பாள். வைத்தவர் அசடு வழிய, அறை முழுக்கச் சிரிக்கும்.

அந்தப் பெயர் வருவதற்கு முன்னால் அவள் வெறும் அக்காதான். பல் டாக்டர்கள் எடுத்தனுப்பும் அச்சுகளில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, கடித்தால் மேலும் கீழும் சரியாகப் பொருந்துகிறதா என்று பார்ப்பது அவள் வேலை. யாருடைய வாய் என்று தெரியாது. சீட்டில் ஒரு எண் இருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஒரு பக்கமாகவே மென்று மென்று தேய்ந்த ஈறைப் பார்த்தால் அவளுக்கு அந்த மனிதர் சாப்பிட உட்காரும் விதமே கண்ணில் வந்து நிற்கும். எதிரே யார் உட்கார்ந்திருப்பார்கள், ஏன் இவர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை என்று மனம் ஓட ஆரம்பித்துவிடும். இப்படி ஓடிய மனதைக் கட்டிப்போட வழி தெரியாமல்தான் எழுத உட்கார்ந்தாள்.

எழுதியது நாவல். ஒரு பெண்கள் விடுதி, அதில் தங்கி வேலைக்குப் போகும் பெண்கள், ஒருநாள் மாலை திரும்பி வராமல் போன ஒருத்தி. நான்கு வருடம் எழுதினாள். காலையில் கணவன் எழுந்து வருவதற்குள், சாப்பாட்டு மேசையில் பழைய லேப்டாப்பைத் திறந்துவைத்து, ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் திரையிலுமாக எழுதினாள். "என்ன பண்றா உன் பொண்டாட்டி?" என்று யாராவது கேட்டால், "ஏதோ டைப் அடிக்கிறா" என்பான் கணவன். அவன் பஸ் டிப்போவில் மெக்கானிக். தங்கமான மனிதன். அவனிடம் குறை என்று சொன்னால் இரண்டே இரண்டுதான். ஓடுகிற எந்த இயந்திரத்தையும் சும்மா விடமாட்டான். தன் அக்காவிடம் வாயைத் திறந்து மாட்டேன் என்று சொல்லமாட்டான்.

லேப்டாப் மெதுவாகத் திறக்கிறது என்று அவள் ஒருநாள் அலுத்துக்கொண்டாள். அதுதான் அவள் செய்த தவறு. மறுநாள் அவள் வேலைக்குப் போயிருந்தபோது, அவளுக்கு ஓர் இன்ப அதிர்ச்சி கொடுக்கலாமென்று அவன் அதைத் தூக்கிக்கொண்டு சர்வீஸ் கடைக்குப் போனான். கடைக்காரர், "எல்லாத்தையும் தொடச்சுட்டுப் புதுசாப் போட்டுத் தரேன் சார். உள்ள முக்கியமா ஏதாவது இருக்கா?" என்று கேட்டிருக்கிறார். இவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, "போட்டோ மட்டும்தான்" என்றிருக்கிறான்.

மாலையில் அவள் திறந்தபோது லேப்டாப் மின்னலாகத் திறந்தது. திரையில் ஒரே ஒரு கோப்புறை. உள்ளே அவர்கள் கல்யாண போட்டோக்கள்.

"எங்க?" என்றாள்.

"எது எங்க?"

"என் நாவல்."

"அதான் எல்லாம் பத்திரமா..." என்று ஆரம்பித்தவன் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினான். முக்கியமா ஏதாவது இருக்கா என்று கடைக்காரர் கேட்டதும், தான் சொன்ன பதிலும் அப்போதுதான் அவன் காதில் திரும்ப விழுந்தன போலிருக்கிறது. கதவோரமாக நின்றுவிட்டான்.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு லேப்டாப்பை எடுத்துக்கொண்டு நேராகக் கடைக்கு நடந்தாள். கடைக்காரர் ஏதேதோ செய்து பார்த்தார். கட்டம் கட்டமாகவும் கேள்விக்குறிகளாகவும் பக்கம் பக்கமாக வந்தது. நடுவே அவள் எழுதியது என்று அடையாளம் தெரிந்தது அரைப் பத்திதான். அதுவும் பாதியில் அறுந்திருந்தது. "வேணும்னு முன்னாடியே சொல்லியிருக்கணும்மா" என்றார் கடைக்காரர். அவரைக் குற்றம் சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை.

ஆறுதல் சொல்ல ஆட்களுக்குப் பஞ்சமில்லை. போனதை நினைக்காதே என்றார்கள். உன் மனசுல இருந்து வந்ததுதானே, மறுபடியும் வரும் என்றார்கள், ஏதோ குழாயைத் திறந்தால் தண்ணீர் வருவதைப் போல. கணவனின் அக்கா போன் செய்தாள். அவள் ஒரு பெண்கள் விடுதியில் வார்டன். குரலிலேயே ஒரு மணி அடிக்கும். "ஒரு விதத்துல நல்லதாப் போச்சும்மா. கண்ணுக்கு ஓய்வு. வீட்டையும் கொஞ்சம் பாரு." காப்பியக்கா, "சரி அண்ணி" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள். வைத்த வேகத்தில் மேசையிலிருந்த தம்ளர் குதித்தது.

லேபில் அன்று ஒரு முன்பல்லை அளவுக்கு மேல் ராவிவிட்டாள். இத்தனை வருடத்தில் அவள் கையில் அப்படி நடந்ததில்லை. பக்கத்து மேசையில் பல் மாடல்களை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவள் அவள் வயதுக்காரி, நாக்கில் பிளேடு வைத்திருப்பவள். அவள்தான் என்ன விஷயம் என்று கேட்டாள். காப்பியக்கா சொன்னாள்.

"இன்னொரு காப்பி எங்க வச்சிருந்த?"

"இன்னொண்ணு இல்ல."

ஸ்கேனர்க்காரி நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். "நாலு வருஷ வேலை. ஒரே ஒரு காப்பி. அதுவும் மூடி உடைஞ்ச லேப்டாப்புல. ஏண்டி, யாரோ ஒருத்தரோட கடைவாய்ப்பல்லு, அதை நான் மூணு இடத்துல வைக்கிறேன். உன் கதை ஒரு கடைவாய்ப்பல்லுக்குக்கூட ஆகலையா உனக்கு?"

அத்தனை ஆறுதலும் செய்யாததை அந்த வசவு செய்தது. காப்பியக்காவுக்குச் சுருக்கென்றது. கணவன் அதை முக்கியம் என்று நினைக்கவில்லை, சரி. நான் நினைத்திருந்தால் ஒரே இடத்தில் போட்டு வைத்திருப்பேனா? அந்தக் கேள்வி அவளை வீட்டுக்குப் போகும் பஸ்ஸிலும் விடவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கும்போது முடிவு செய்துவிட்டாள். மறுபடி எழுதுவேன். இந்தத் தடவை எவராலும் அழிக்க முடியாத மாதிரி எழுதுவேன்.

ஸ்கேனர்க்காரியே வழியும் சொல்லிக் கொடுத்தாள். எழுதும் இயந்திரத்தில் ஒன்று. அதோடு ஒட்டாத வேறு ஒரு பொருளில் ஒன்று. உன் வீட்டுக் கூரைக்குக் கீழே இல்லாத இடத்தில் ஒன்று. "தீ பிடிச்சாலும், தண்ணி புகுந்தாலும், புருஷன் புகுந்தாலும் ஒண்ணாவது தப்பிக்கணும்" என்றாள். கோப்பின் பெயரிலேயே தேதியைப் போடச் சொன்னாள். பழையதன் மேல் புதியதை எழுதி மூடாதே, போன வாரம் வெட்டி எறிந்த பத்தி இந்த வாரம் தேவைப்படும் என்றாள். "வச்சுட்டேன்னு நிம்மதியா இருக்காத. அப்பப்போ தொறந்து பாரு. தொறக்காத காப்பி காப்பியே இல்ல."

காப்பியக்கா முதலில் சிதறியதைப் பொறுக்கினாள். கடல் தாண்டி வேலை பார்க்கும் தங்கைக்கு அவள் அவ்வப்போது சில பத்திகளைப் போனில் அனுப்பியிருந்தாள். தங்கை எதையும் அழிக்காத சோம்பேறி, அதனால் அத்தனையும் அப்படியே இருந்தன. அவற்றை முன்னே வைத்துக்கொண்டு முதல் வரியிலிருந்து தொடங்கினாள். கணவன் காலையில் அவளுக்கு முன்பே எழுந்து அடுப்பை ஏற்ற ஆரம்பித்தான். யாரும் கேட்கவில்லை, அவனாகத்தான். ஒருநாள் அவள் அவன் உள்ளங்கையில் ஒரு பென்டிரைவை வைத்தாள்.

"இது டிப்போ லாக்கர்ல இருக்கட்டும். சனிக்கிழமை கொண்டு வாங்க, புதுசு ஏத்தித் தருவேன். உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?"

"நாவல்."

"முக்கியமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டு, "முக்கியம்" என்றான். அந்த விஷயமாக அவர்களுக்குள் நடந்த பேச்சு அதோடு முடிந்தது. சனிக்கிழமை தவறாமல் பென்டிரைவ் வந்தது, போனது. ஒரு பழைய சாக்ஸில் சுற்றி, ஸ்பேனர்களுக்குப் பின்னால் வைத்திருந்தான்.

அதன்பிறகு அவளைக் கட்டுப்படுத்த முடியவில்லை. முடிந்த அத்தியாயங்களைத் தனக்குத்தானே ஈமெயில் அனுப்பினாள். தங்கைக்கு அனுப்பினாள். தையல் பெட்டியில் பட்டன்களுக்கு நடுவே ஒரு பென்டிரைவ். அச்செடுத்த கட்டு ஒன்று ஸ்கேனர்க்காரி வீட்டு அலமாரியில், அவள் புடவைகளுக்கு அடியில். இன்னொன்றை லேபிலேயே பழைய மாடல்கள் அடுக்கிய மேல் தட்டில் ஒளித்து வைக்க, ஒருநாள் முதலாளி யாருடைய தாடையையோ தேடிப்போய் அதை எடுத்துப் பிரித்துவிட்டார். "யாரும்மா இது, பல்லுக்கு நடுவுல நாவல் வச்சிருக்கறது?" அன்றைக்குத்தான் பெயர் ஒட்டிக்கொண்டது. காப்பியக்கா. சேர்த்துச் சொன்னால் காப்பியமும் வருதே என்று ஸ்கேனர்க்காரி கையைத் தட்டினாள். "காப்பியம் எழுத வேற யாரு வருவா, நம்ம காப்பியக்காதான்!"

நாவல் முடிந்தது. படித்தவர்கள், முதலில் தொலைந்ததே நல்லதற்குத்தான், இரண்டாம் தடவை அருமையாக வந்திருக்கிறது என்றார்கள். அவளுக்கு அதைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். "இல்ல. பழசுல ஒரு படகு அத்தியாயம் இருந்துச்சு. அது இப்ப வரல. அதுதான் நல்லா இருந்துச்சு. நல்லதுக்குன்னு யாரும் சொல்லாதீங்க" என்பாள். முகத்துக்கு நேரே இப்படிச் சொன்னால் யார் பாராட்டப் போகிறார்கள்? அவள் கவலைப்படவில்லை. தொலைந்ததைத் தொலைந்தது என்றுதான் சொல்லவேண்டும் என்று நின்றாள்.

நூலக அறையில் மாதம் ஒருமுறை எழுதுகிறவர்கள் கூடிப் படிப்பார்கள். அங்கே போய் ஓர் அத்தியாயம் வாசித்தாள். விடுதி வார்டன் வரும் அத்தியாயம் அது. இருட்டுவதற்கு முன்பே கேட்டைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, அறை அறையாகக் கதவைத் தட்டித் தலை எண்ணும் ஒரு பெண்மணி. கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் நாத்தனாரின் விடுதி அலுவலகத்தில் வேலை செய்யும் ஒருவர் இருந்தது அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். தோள் பையைக்கூடக் கழற்றவில்லை.

"என்னைக் கதையில எழுதியிருக்கியாமே?"

உண்மையைச் சொன்னால், அந்த வார்டன் முழுக்க நாத்தனார் இல்லை. தொண்டையைச் செருமும் விதம் லேப் முதலாளியுடையது. நாக்கு காப்பியக்காவின் சொந்த அம்மாவுடையது. ஆட்கள் திரும்பி வரும்வரை சாப்பிடாமல் காத்திருக்கும் குணம் காப்பியக்காவுடையதேதான். ஆனால் இடுப்புச் சாவி நாத்தனாருடையது. அதில் சந்தேகமே இல்லை.

"சாவி உங்களுது அண்ணி. அதை ஒத்துக்கறேன். மத்தது உங்களுது இல்ல."

"சாவியைப் பாத்தா ஆளைத் தெரியாதா? எங்க ஆபீஸ்ல எல்லாரும் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறாங்க. இருபது வருஷமா ஒரு பொண்ணுக்கு ஒண்ணும் ஆகாம பாத்துக்கிட்டவ நான். அதுக்கு இதுவா மரியாதை?" அந்தக் கடைசி வாக்கியத்தில் குரலிலிருந்த மணி கொஞ்சம் உடைந்தது. காப்பியக்காவுக்கு அது தைக்காமல் இல்லை. ஆனால் நாத்தனார் அடுத்த மூச்சிலேயே, "இப்பவே அழி. என் கண்ணு முன்னாடி" என்றாள்.

காப்பியக்கா லேப்டாப்பைக் கொண்டுவந்து மேசையில் திறந்துவைத்தாள்.

"நான் அழிக்க மாட்டேன். அழிக்கணும்னா நீங்களே அழிங்க."

கணவன் சுவரோடு சுவராக நின்றான். நாத்தனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள். விடுதிக் கணக்கெல்லாம் கம்ப்யூட்டரில் பார்க்கிறவள், தடுமாறவில்லை. கோப்பைத் தேர்ந்தெடுத்து அழித்தாள். நிச்சயமா என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு ஆமாம் என்று அழுத்தினாள். குப்பைத்தொட்டியையும் திறந்து காலி செய்தாள். காகிதம் கசங்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிரதிகள் இருக்கின்றன என்று நன்றாகத் தெரிந்தும் காப்பியக்கா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"வேற எங்கயாவது இருக்கா?"

"இருக்கு."

நாத்தனார் நிமிர்ந்தாள். "எங்க?"

"தையல் பெட்டியில, பட்டனுக்கு நடுவுல."

நாத்தனார் தானே போய்ப் பெட்டியைக் கவிழ்த்து, பட்டன்களை உருட்டிவிட்டு, பென்டிரைவை எடுத்துத் தன் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "வேற?"

"லேப்ல ஒரு கட்டு. என் கூட வேலை செய்யறவ அலமாரியில ஒரு கட்டு, அவ புடவைக்கு அடியில. அவ உங்களுக்குக் கதவைத் தொறக்க மாட்டா. என் தங்கச்சி கிட்ட ஒண்ணு, அதுக்கு நீங்க விமானம் ஏறணும். ஈமெயில்ல ஒண்ணு. அதோட பாஸ்வேர்டு என் தலைக்குள்ள இருக்கு. இன்னும் எங்கெங்க வச்சேன்னு எனக்கே சரியா ஞாபகம் இல்ல அண்ணி. ஒரு தடவை அழிஞ்சுது. நான் செத்துப் பொழச்சேன். இன்னொரு தடவை அழியாது. நீங்க வயசுல பெரியவங்க, கோவமா நாலு வார்த்தை சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஆனா அழிக்கறது மட்டும் நடக்காது."

"அப்புறம்," என்று அவள் மூச்சு வாங்கிச் சொன்னாள், "உங்க தம்பி லாக்கர்ல ஒண்ணு."

நாத்தனார் தம்பி பக்கம் திரும்பினாள். இனிக் காரியம் சுலபம் என்று அவள் முகம் சொன்னது. "டேய், கிளம்பு. போய் எடுத்துட்டு வா."

அவன் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை, கையில் அழுக்கு எதுவும் இல்லை. இருந்தும் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"மாட்டேன்க்கா."

"என்னடா சொன்ன?"

"ஒரு தடவை நான் அழிச்சாச்சு. அது போதும்க்கா."

நாத்தனார் அவனைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். கேட்டைப் பூட்டிவிட்டுத் திரும்பினால் சுவரே இல்லாததைப் பார்த்தவள் மாதிரி நின்றாள். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனாள். அவள் தெருமுனை திரும்பியதும் அவன் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தான். காப்பியக்கா அவனுக்கு வெந்நீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, ஈமெயிலிலிருந்து நாவலை இறக்கித் திறந்தாள். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இருவருமாகப் பக்கங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்கள். எல்லாம் இருந்தது. அப்புறம் தரையில் உட்கார்ந்து பட்டன்களைப் பொறுக்கினார்கள்.

முதலில் போன பதிப்பகத்தில், நாவல் நன்றாக இருக்கிறது, அந்த வார்டனைக் கொஞ்சம் நல்லவளாக மாற்றினால் போடலாம் என்றார்கள். "அவ நல்லவதாங்க. பூட்டறா, அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தாள். இரண்டாவது, எழுதுபொருள் கடைக்கு மேலே ஒரே அறையில் நடக்கும் பதிப்பகம். எதையும் மாற்றச் சொல்லாமல் அதன் பதிப்பாளர் அச்சிட்டார்.

கொஞ்ச நாளில் பதிப்பாளர் உற்சாகமாகப் போன் செய்தார். வேறு எங்கும் மெதுவாகத்தான் போகிறதாம், ஆனால் விடுதிப் பக்கத்துப் புத்தகக் கடையில் மட்டும் வைத்தது எல்லாம் தீர்ந்துபோய், இன்னும் கேட்டிருக்கிறார்களாம். "யாரோ ஒரு அம்மா வந்து, இருக்கறதை எல்லாம் எடுத்துட்டுப் போறாங்களாம். இன்னொரு தடவை அனுப்பியிருக்கேன்."

"அந்தம்மா இடுப்புல சாவி இருந்துச்சான்னு கேளுங்க" என்றாள் காப்பியக்கா.

இருந்ததாம்.

கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "அக்கா கிட்ட சொல்லிடலாமா? பாவம், வாங்க வாங்க வந்துக்கிட்டே இருக்கும்னு."

"சொல்லாதீங்க. வாங்கட்டும்."

எதை ஒளிக்கிறார்களோ அதைத்தானே பெண்கள் தேடுவார்கள்? விடுதிப் பெண்கள் எப்படியோ ஒரு பிரதியைப் பிடித்து, அட்டைக்கு மேல் செய்தித்தாள் சுற்றி, அறை அறையாகக் கைமாற்றிப் படித்துவிட்டார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டாள். வார்டன் அம்மா கட்டிலுக்கு அடியில் ஓர் அடுக்கே இருக்கிறது என்றும் சொன்னார்கள்.

அடுத்த வருடம் ஓர் உறவினர் வீட்டில் இருவரும் ஒரே கூடத்தில் உட்கார வேண்டி வந்தது. நாத்தனார் அவள் பக்கமே பார்க்கவில்லை. சாப்பிட்டு முடித்து எல்லாரும் எழுகிற நேரத்தில், பக்கத்திலிருந்த யாரிடமோ சொல்கிற மாதிரி, கூடத்துக்கே கேட்கும்படி, "புத்தகம்னு போட்டா மட்டும் போதுமா? எவ்வளவு அச்சுப்பிழை!" என்றாள்.

காப்பியக்கா கையைக் கழுவப் போனவள் நின்றாள். "எந்தப் பக்கம் அண்ணி?"

"படிச்சவங்களுக்குத் தெரியும். எழுதினவ தேடிக் கண்டுபிடிக்கட்டும்."

வீட்டுக்கு வந்ததும் அவள் லேப்டாப்பைத் திறந்தாள். புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாகத் தேடினாள். நாத்தனார் சொன்னது உண்மைதான், நிறைய இருந்தன. அடுத்த பதிப்புக்காக ஒவ்வொன்றாகத் திருத்தினாள். வார்டனை மட்டும் தொடவில்லை.